மங்கம்மாள் இழந்த எல்லையிலிருந்து மதுரை வரை

ஜலகண்டாபுரம் பேருந்து நிலையத்தை விட்டு எந்தத் தெருவில் திரும்பினாலும் தறிச் சத்தம் கூடவே வருகிறது. சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் இருக்கிற பேரூராட்சி இது. வடமேற்கே மேட்டூர், தெற்கே எடப்பாடி, கிழக்கே தாரமங்கலம். மதுரை நாயக்க அரசி ராணி மங்கம்மாளின் தடம் பார்க்கப் போகிறவர்கள் யாரும் இங்கிருந்து கிளம்புவதில்லை. மதுரையில் அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. திருச்சியில் மகால் இருக்கிறது. தென்மாவட்டங்களில் மங்கம்மா சாலை என்றால் வழி காட்டுவார்கள். ஜலகண்டாபுரத்தில் அவர் பெயரைச் சொல்ல ஒரு கல்கூட இல்லை.

டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்கத் தறி ஓட்டியவர். விரல் நுனிகள் பாவு நூலில் தேய்ந்து பளபளவென்று இருந்தன. "மங்கம்மாளா? அது மதுரைக்காரங்க கதையில்லீங்களா! அந்தம்மா இங்க எங்க வந்துச்சு? நம்ம பக்கம் எல்லாம் கெட்டி முதலிங்க காலத்துதுங்க. தாரமங்கலம் கோயிலப் போய்ப் பாருங்க, தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் இங்கிருந்து கிளம்பியதற்குக் காரணமும் அதுதான். இந்தச் சேலம், நாமக்கல் சமவெளி ஒரு காலத்தில் மதுரை நாயக்க அரசின் வடக்கு எல்லை. மங்கம்மாள் ஆட்சிக்கு வந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் இது முழுக்க மைசூர் வசம் போனது. ஒரு அரசர் எதைக் கட்டினார் என்று பார்க்கக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் போகலாம். எதை விட்டுக்கொடுத்தார், ஏன் விட்டுக்கொடுத்தார் என்று பார்க்க எல்லைக்குத்தான் வர வேண்டும். மங்கம்மாளின் அறிவு எவ்வளவு கூர்மையானது என்பது அவர் திறந்த சத்திரங்களைவிட இந்த எல்லையில் அவர் செய்யாமல் விட்ட போரில்தான் தெரிகிறது என்பது என் எண்ணம்.

தாரமங்கலம் ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ்ஸில் சிறிது நேரம்தான். கைலாசநாதர் கோயில் மேற்குப் பார்த்த வாசல். ஐந்து நிலை ராஜகோபுரத்தின் அடிப்பாகத்தை யானைகளும் குதிரைகளும் இழுத்துப் போகும் தேராகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே மண்டபத் தூணில் ராமன் மறைந்து நிற்கிறான், இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி நிற்கும் தூணுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியவில்லை. சிற்பி இரண்டு தூண்களையும் அளந்து நிறுத்தியிருக்கிறான். யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைத் தொட்டுப் பார்க்காமல் எந்தக் குழந்தையும் வெளியே வருவதில்லை. ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியின் வளையங்களுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக அசைகிறது.

இதைக் கட்டியவர்கள் கெட்டி முதலிகள். தாரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அமரகுந்தி அவர்கள் தலைநகர். ஓமலூர், சங்ககிரி, காவிரிபுரம் என்று கோட்டைகள் வைத்திருந்தார்கள். மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்ட பாளையக்காரர்கள் என்ற முறையில் மைசூர்ப் படையின் முதல் அடி விழுந்த இடம் இவர்கள் நாடுதான். 17-ஆம் நூற்றாண்டு முழுக்க மைசூர் உடையார்கள் மலையிறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். இன்றைக்குக் கோயிலில் நிற்கும்போது அமைதியாக இருக்கிறது. அன்று இந்தச் சிற்பிகள் உளியைப் பிடித்திருந்த காலத்தில், எந்த அறுவடையை யார் கொண்டுபோவார்கள் என்று ஊரில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

மங்கம்மாளின் கணவர் சொக்கநாத நாயக்கர் 1659-இல் பட்டத்துக்கு வந்தார். வீரம் இருந்தது, நிதானம் இல்லை. தஞ்சை நாயக்கரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதில் மூண்ட பகையில், 1673-இல் தஞ்சையைப் பிடித்தார். தஞ்சையை ஆண்ட விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். பிடித்த தஞ்சையை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் சிவாஜியின் தம்பி ஏகோஜி அதைத் தனதாக்கிக்கொண்டார். வடக்கே மைசூர், கிழக்கே மராட்டியர், தெற்கே ராமநாதபுரத்துச் சேதுபதி என்று மூன்று பக்கமும் பகை. கடைசியில் ருஸ்தம் கான் என்ற சொந்தத் தளபதியே அரசரைச் சிறை வைத்து ஆட்சியைப் பறித்துக்கொண்டான். 1682-இல் சொக்கநாதர் இறந்தபோது அந்த அரசு பாதியாகச் சுருங்கியிருந்தது.

இத்தனையையும் அரண்மனைக்குள் இருந்து பார்த்தவர் மங்கம்மாள். அவர் தந்தை துப்பாகுல லிங்கம நாயக்கர் சொக்கநாதரின் தளபதிகளில் ஒருவர். போர் என்றால் என்ன, படைச் செலவு என்றால் என்ன, தோற்ற படைக்கு யார் சோறு போடுவது என்பதெல்லாம் அவர் பிறந்த வீட்டிலேயே பேசப்பட்ட விஷயங்களாக இருந்திருக்கும். கணவருடன் அவர் உடன்கட்டை ஏறவில்லை. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கரைப் பட்டத்தில் அமர்த்தினார். துணிச்சலான பையன், ஏழு ஆண்டுகள்தான் ஆண்டான். 1689-இல் அம்மை நோயில் போனான். அப்போது மருமகள் முத்தம்மாள் நிறைமாதம். பிள்ளை பிறந்ததும் அவளும் உயிரை மாய்த்துக்கொண்டாள். தாயும் தகப்பனும் இல்லாத அந்தக் கைக்குழந்தைக்கு மூன்று மாதத்தில் விஜயரங்க சொக்கநாதன் என்று பட்டம் சூட்டிவிட்டு, பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார் பாட்டி.

அந்த 1689 எப்படிப்பட்ட ஆண்டு என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பீஜப்பூர் 1686-இல் முகலாயரிடம் விழுந்தது, கோல்கொண்டா 1687-இல் விழுந்தது. 1689 மார்ச்சில் சிவாஜியின் மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றார். சம்பாஜியின் தம்பி ராஜாராம் தப்பித்து, கேளடி அரசி சென்னம்மாவின் நாட்டில் அடைக்கலம் பெற்று, செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவரைத் துரத்திக்கொண்டு முகலாயப் படை தமிழ்நாட்டுக்குள் இறங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் இரண்டாம் மேரி கணவர் வில்லியத்துடன் சேர்ந்து முடிசூடிக்கொண்டார். சோழமண்டலக் கரையில் அவர்கள் நாட்டுக் கம்பெனி அடுத்த ஆண்டே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அந்தக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31-இல் சாசனம் எழுதிக் கொடுத்தவர் முதலாம் எலிசபெத்.

எலிசபெத் 44 ஆண்டுகள் ஆண்டார். அவர் எழுதிய கடிதங்களும் அவரை வரைந்த படங்களும் பத்திரமாக இருக்கின்றன. நம் தென்னாட்டில் 17-ஆம் நூற்றாண்டு முடியும் நேரத்தில் கேளடியில் சென்னம்மா, திருச்சியில் மங்கம்மாள், 1700 முதல் மராட்டியத்தில் தாராபாய் என்று மூன்று பெண்கள் அரசு நடத்தினார்கள். நடத்தினார்கள் என்றால் பெயருக்கு இல்லை. படை அனுப்பினார்கள், கப்பம் பேசினார்கள், கணக்குப் பார்த்தார்கள். எலிசபெத்தின் பெயர் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த மூன்று பெயரும் தெரியும்?

சேலம் வழியாக நாமக்கல் போனேன். முட்டை ஏற்றிய லாரிகளும் பாடி கட்டக் காத்திருக்கும் லாரிச் சட்டங்களும் தாண்டி ஊருக்குள் நுழைந்தால், ஒற்றைப் பாறை நடுவில் எழுந்து நிற்கிறது. உச்சியில் நாயக்கர் காலத்துக் கோட்டை. பாறையின் இரண்டு பக்கமும் அதியமான்கள் குடைந்த குடைவரைகளில் நரசிம்மரும் ரங்கநாதரும் இருக்கிறார்கள். எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வெயிலில் நிற்கிறார். கோட்டைக்கு ஏறும் படிகள் பாறையிலேயே வெட்டியவை. மதில் சின்னதுதான், ஆனால் சுண்ணாம்பே தெரியாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்கிறது. மேலே நின்றால் நாலா பக்கமும் சமவெளி. கொல்லிமலை கிழக்கே, தெற்கே காவிரிக் கரையின் பச்சை. இந்தக் கோட்டை கையில் இருக்கிறவனுக்குக் காவிரி வழியாக அன்றைய தலைநகர் திருச்சிக்குப் போகும் பாதை திறந்தே இருக்கும் என்பது அங்கே நின்ற உடனே புரிகிறது.

1680-களின் கடைசியிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் மைசூரின் சிக்கதேவராஜ உடையார் தர்மபுரி, ஓமலூர், சேலம், பரமத்தி, நாமக்கல் என்று வரிசையாக எடுத்துக்கொண்டார். 1695 வாக்கில் அவர் தளவாய் குமாரய்யா திருச்சிக் கோட்டைக்கே வந்து முற்றுகை போட்டார். சிறு பேரனுக்காக ஆண்டுகொண்டிருந்த அரசியின் தலைநகர் வாசலில் எதிரி. திருச்சி தாக்குப்பிடித்தது. மராட்டியப் படை மைசூரைத் தாக்கியதால் குமாரய்யா முற்றுகையை விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

எதிரி திரும்பி ஓடுகிறான். அவன் முதுகைத் துரத்திக்கொண்டு போய்ச் சேலத்தை மீட்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். சொக்கநாதராக இருந்தால் போயிருப்பார். மங்கம்மாள் போகவில்லை. நாமக்கல் பாறையின் மேல் நின்றுகொண்டு இதை யோசித்தேன். திருச்சிக்கும் ஓமலூருக்கும் இடையே எத்தனை கோட்டைகள்! ஒவ்வொன்றையும் முற்றுகை போட்டு எடுக்க வேண்டும். எடுத்தாலும் மைசூர் ஒவ்வோர் ஆண்டும் மலையிறங்கி வரும். அதற்குள் தஞ்சையும் ராமநாதபுரமும் பின்னாலிருந்து கை வைப்பார்கள். தன் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் அப்படி நின்றுவிட முடியும். இழந்ததைப் பற்றிப் புலம்பாமல், இருப்பதைக் காப்பாற்ற முடிவு செய்தார். அந்த முடிவால் இந்தச் சேலம் நாமக்கல் பூமி மைசூர் அரசின் கீழேயே இருந்துவிட்டது. பின்னால் ஹைதர் அலி, திப்பு காலம் வரைக்கும் இது மைசூர்ச் சீமைதான்.

நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சி போகும் சாலை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளாமைக் காட்டின் சிவப்பு மண் போய் வாழைத் தோட்டம் வரும். முசிறிக்குக் கிட்டே வருகையில் கோரைப் புல்லை அறுத்து வெயிலில் விரித்துப் போட்டிருப்பார்கள். பஸ்ஸின் ஜன்னல் வழியே காவிரி தெரிந்தும் மறைந்தும் வரும். மணல்தான் அதிகம், நடுவில் ஒரு ஓடை அளவுக்குத் தண்ணீர். ஜன்னலோரத்தில் இருந்த அம்மா, "மேட்டூரு தொறந்துட்டாங்களா, தெரியுங்களா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். டெல்டாவில் மகள் வீடு, அங்கே நாற்றங்கால் போட்டிருக்கிறார்களாம்.

இந்தக் கேள்வி 300 ஆண்டுப் பழைய கேள்வி. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிக்கதேவராஜர் மைசூரில் காவிரிக்குக் குறுக்கே ஒரு அணை எழுப்பினார். கீழே தண்ணீர் வரத்து நின்றது. திருச்சிச் சீமையும் தஞ்சையும் காய்ந்தன. அப்போது தஞ்சையை ஆண்டவர் ஏகோஜியின் மகன் ஷாஜி. மங்கம்மாளுக்கும் ஷாஜிக்கும் உறவு நன்றாக இல்லை. தஞ்சை மராட்டியர் மதுரையின் எல்லைகளைக் கைப்பற்றியதும், மங்கம்மாளின் தளவாய் நரசப்பய்யர் கொள்ளிடம் தாண்டிப் போய்த் தஞ்சைச் சீமையைச் சூறையாடியதும், தஞ்சை அமைச்சர் பாலாஜி பண்டிதர் பெரும் பணம் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பியதும் எல்லாம் அந்தக் காலத்தில் நடந்தவையே. அப்படிப்பட்ட இரண்டு பகையாளிகள் தண்ணீருக்காகக் கை கோத்தார்கள். இரண்டு படையும் சேர்ந்து மைசூர் மேல் போய் அணையை உடைப்பது என்று முடிவாயிற்று. படை கிளம்புவதற்குள் மைசூர்ப் பக்கம் பெருமழை கொட்டி, வெள்ளத்தில் அணை தானாகவே உடைந்தது. போர் தேவைப்படவில்லை.

நான் மங்கம்மாளைப் பெரிய அரசி என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். நாமக்கல்லுக்காகப் போருக்குப் போகாதவர், ஓமலூருக்காகப் போகாதவர், தண்ணீருக்காகப் போகத் துணிந்தார். அதுவும் எதிரியைக் கூட்டாளியாக்கிக்கொண்டு. எந்தச் சண்டை போட வேண்டியது, எந்தச் சண்டை விட வேண்டியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்திலேயே 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை நிற்கிறது. 120 அடி, 93.47 டி.எம்.சி. 1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 2007 நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018-இல் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என்று இந்த வழக்கு நீண்டுகொண்டே வருகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று இன்றும் பஸ்ஸில் ஒரு தாய் கேட்கிறார். இந்த வரிசையின் தொடக்கத்தில் மங்கம்மாளின் பெயரை வைக்காமல் காவிரி வரலாற்றை எழுதுவது நியாயமில்லை.

திருச்சியில் மலைக்கோட்டைக்குக் கீழே, தெப்பக்குளம் பக்கத்துச் சந்தடிக்குள் ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. இப்போது அரசு அருங்காட்சியகம். கட்டியவர் சொக்கநாத நாயக்கர் என்றாலும் ஊர் வழங்குவது மனைவியின் பெயரை. மக்கள் சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தர்பார் மண்டபத்தின் கனத்த தூண்களும் வளைவுகளும் குவிமாடமும் உள்ளே குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கின்றன. தெருவின் ஆரன் சத்தம் உள்ளே வரும்போது பாதியாகிவிடுகிறது. கற்சிலைகளும் பழைய பொருள்களும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அரசியைப் பற்றி அங்கே இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம்.

இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மகன் முத்துவீரப்பர் காலத்தில் அவுரங்கசீப்பின் ஆணையும் ஒற்றைச் செருப்பும் யானை மேல் ஊர்வலமாக வந்தனவாம். அந்தச் செருப்பை வணங்கிக் கப்பம் கட்ட வேண்டும் என்று கட்டளை. இளைஞன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று கேட்டு, வந்தவர்களை அடித்துத் துரத்தினான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. தாய் செய்தது வேறு. முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகை போட்டுக்கொண்டிருந்தபோது, அவனை எதிர்த்து வெல்ல முடியாது என்று கணித்து, கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். அதோடு நிற்காமல், விலை உயர்ந்த பரிசுகள் அனுப்பி, தஞ்சை பிடுங்கிய இடங்களில் சிலவற்றை அதே முகலாயர் தயவில் திரும்பப் பெற்றார். செஞ்சிக் கோட்டை 1698-இல் விழுந்தது. திருச்சி விழவில்லை. மகனின் கதையைத்தான் நாம் கைதட்டிச் சொல்கிறோம். நாட்டைக் காத்தது தாயின் கணக்கு.

கோழை என்று யாராவது சொன்னால், திருவிதாங்கூரைக் கேட்கலாம். கப்பம் நிறுத்திய அந்நாட்டின் மேல் 1697-இல் நரசப்பய்யரை அனுப்பிப் பாக்கியை வாங்கினார். தோல்வியும் உண்டு. 1702-இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி மேல் அனுப்பிய படை தோற்றது. நரசப்பய்யரே அந்தப் போரில் மாண்டார். அதுவரை அரசியின் வலது கையாக இருந்தவர் அவர். சேதுபதியோடு அந்தப் போரை மங்கம்மாள் தொடங்கியிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். சேலத்தில் காட்டிய நிதானம் அங்கே தவறியது. ராமநாதபுரம் அதற்குப் பின் மதுரைக்கு அடங்கவே இல்லை.

திருச்சியில் நத்தர்வலி தர்கா இருக்கிறது. 1701-இல் அதற்கு நிலம் மானியம் கொடுத்தார் மங்கம்மாள். ஒரு பக்கம் முகலாயருக்குக் கப்பம் கட்டிய காலம்தான் என்றாலும், அந்தத் தர்காவுக்கு மானியம் கொடுத்ததை வெறும் பயத்தில் செய்தது என்று சொல்ல முடியாது. கிறிஸ்தவர்களிடமும் அப்படியே நடந்தார். 1693-இல் ஓரியூரில் பாதிரியார் அருளானந்தரைச் சேதுபதி வெட்டச் சொன்னார். அதே காலத்தில் திருச்சியில் பூஷே பாதிரியாரை மரியாதையாக வரவேற்றது மங்கம்மாளின் அரசு. அந்தச் சேசு சபைப் பாதிரிமார் எழுதி அனுப்பிய கடிதங்களில்தான் இன்று நமக்குத் தெரிந்த பாதிச் செய்தி கிடைக்கிறது.

திருச்சியிலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது பஸ். மங்கம்மாளின் காலத்தில் நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்கு அவர் போட்ட சாலையும், வைத்த மரமும், தண்ணீர்ப் பந்தலும், சத்திரமும் எப்படி உயிர் கொடுத்திருக்கும் என்பது வெயிலில் ஓரிரு மைல் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். மதுரையிலிருந்து குமரி வரை போகும் பழைய பாதைகளில் பல இடங்களில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாலை போட்டதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். ஒருநாள் கவனக்குறைவாக இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம், அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்தாராம். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. ஒரு அரசன் சாலை போட்டால் தொலைநோக்கு என்கிறோம். ஒரு அரசி போட்டால் பாவத்துக்குப் பரிகாரம் என்கிறோம். சாலை இருந்தால் வியாபாரி வருவான், சுங்கம் வரும், படை சீக்கிரம் போகும். கப்பம் கட்ட வேண்டிய அரசிக்கு இது தெரியாதா?

மதுரை ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். வெளியூர்க்காரர்கள் இன்றும் பையோடு வந்து அறை கேட்கிறார்கள். 300 ஆண்டுக்கு முன் ஒருவர் நினைத்த காரியம் இன்றும் அதே காரியமாக நடந்துகொண்டிருப்பது நம் நாட்டில் அதிகம் இல்லை. வைகைக்கு வடகரையில் தமுக்கம் அரண்மனை. அவர் தங்கிய மாளிகை அது. 1959-இல் அதில் காந்தி நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அந்தத் துணி முன்னால் நிற்கிறவர்கள் கட்டடம் யாருடையது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஜலகண்டாபுரத்துத் தறிகள் மதுரையில் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு ஓலைச் சாசனத்தால். மதுரைச் சௌராஷ்டிர நெசவாளர்கள் ஆவணி அவிட்டத்தன்று உபாகர்மம் செய்து பூணூல் மாற்றுவதை எதிர்த்துச் சிலர் பிரச்சினை செய்தார்கள். வழக்கு அரசியிடம் வந்தது. பண்டிதர்களைக் கூட்டிச் சாத்திரம் என்ன சொல்கிறது என்று விசாரித்து, நெசவாளர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 1705-இல் எழுதிக் கொடுத்தார் மங்கம்மாள். சேலத்திலும் அந்தச் சமூகத்தார் பல தலைமுறையாகத் தறி போட்டு வாழ்கிறார்கள். தறி நெய்து பிழைக்கிற ஒரு கூட்டத்தின் தெருச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டு, விசாரித்து, எழுத்தில் தீர்ப்புக் கொடுத்த அரசு அது. எல்லையில் எதிரி, கடலில் டச்சுக்காரன், பக்கத்தில் முகலாயன் என்று இருந்த காலத்தில்.

அவருடைய முடிவைப் பற்றிச் சொல்லும் கதை கொடுமையானது. அமைச்சர் அச்சய்யாவோடு அவர் பெயரைச் சேர்த்துப் பேசி, வயதுக்கு வந்த பேரனைத் தூண்டிவிட்டு, பாட்டியைச் சிறை வைத்தார்கள் என்றும், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சோறு வைத்து, எட்ட முடியாமல் பட்டினியால் சாகவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். 1868-இல் நெல்சன் என்பவர் தாம் எழுதிய மதுரை நூலில் இதைக் கேள்விப்பட்ட கதையாகப் பதிந்து வைத்தார். மங்கம்மாள் காலத்துச் சாசனம் எதுவும் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஒரு பெண் 17 ஆண்டு ஆண்டால் அவள் ஒழுக்கத்தைப் பற்றி ஊர் பேசும் என்பதற்கு மட்டும் இது நல்ல சாட்சி. லண்டனில் எலிசபெத்தைப் பற்றியும் இதேபோலப் பேசினார்கள். ஆனால் எலிசபெத் என்றதும் அங்கே யாரும் முதலில் அந்தப் பேச்சைச் சொல்வதில்லை. அவர் ஆட்சியைச் சொல்கிறார்கள்.

1706-இல் அதிகாரம் பேரன் கைக்கு வந்தது. விஜயரங்கர் பக்திமான். கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தார், அரசுக் கணக்கைப் பார்க்கவில்லை. 1732-இல் அவர் இறந்தார். மனைவி மீனாட்சி நான்கு ஆண்டுகள் போராடினார். சந்தா சாகிப் சத்தியம் செய்து கொடுத்து ஏமாற்றிக் கோட்டையைப் பிடித்ததும் மீனாட்சி விஷம் குடித்தார். மங்கம்மாளுக்குப் பின் 30 ஆண்டுகளில் நாயக்க அரசு முடிந்தது. அந்த 17 ஆண்டுகள் இல்லையென்றால் அது 1690-களிலேயே முடிந்திருக்கும் என்பது என் தீர்ப்பு.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொற்றாமரைக் குளத்தின் மேற்குப் பக்கம் ஊஞ்சல் மண்டபம் இருக்கிறது. அதன் மேல்கூரையில் அவர் காலத்து ஓவியம் உண்டு. மீனாட்சி கல்யாணக் காட்சியோடு மங்கம்மாளும் சிறுவன் விஜயரங்கனும் அதில் இருக்கிறார்கள். செல்போன் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போய் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலைக் கதையை விட்டுவிட்டு, காவிரித் தண்ணீருக்காகத் தஞ்சையோடு சேர்ந்த கதையைச் சொல்லுங்கள்.